விண்டோஸ் லேப்டாப்ல சேஜ்மேத்: விர்ச்சுவல்பாக்ஸ்ல ரொம்ப இழுக்குது, வேற வழி இருக்கா?

எலிப்டிக்_மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு எலிப்டிக் கர்வ் (y² = x³ + ax + b மாதிரி சமன்பாடு) எடுத்திருக்கேன், கைடு சேஜ்மேத்லதான் (கணித சாஃப்ட்வேர், சுருக்கமா சேஜ்) பண்ணணும்னு சொல்லிட்டார். லேப்டாப் விண்டோஸ் 11, ராம் 8 ஜிபி. சீனியர் சொன்னாங்கன்னு விர்ச்சுவல்பாக்ஸ் (விண்டோஸ்க்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி, அதாவது விர்ச்சுவல் மெஷின், ஓட்டற சாஃப்ட்வேர்) போட்டு, உள்ள உபுண்டு 22.04 லினக்ஸ், அதோட வர்ற சேஜ் 9.5 போட்டிருக்கேன். ஓடுது, ஆனா மவுஸ் நகர்த்தினா கொஞ்சம் கழிச்சுதான் நகருது. கண்டக்டர் (ஒவ்வொரு கர்வுக்கும் இருக்கற ஒரு எண்) 37, 389, 5077ல வர்ற முதல் கர்வ் மூணுக்கும் ரேங்க் (கர்வுல எவ்வளவு விகிதமுறு புள்ளிகள் இருக்குன்னு காட்டற எண்) கேட்டா 1, 2, 3னு சரியா சொல்லுது, ஆனா கண்டக்டர் 10000 வரைக்கும் எல்லா கர்வையும் லிஸ்ட்ல போட்டு லூப் ஓட்டினா பாதியில கில்டுனு (Killed) வந்து நின்னுடுது. விர்ச்சுவல் மெஷினுக்கு 6 ஜிபி ராம் குடுத்திருக்கேன், அது பத்தலையா? விண்டோஸ்க்கு சேஜ் 9.3 இன்ஸ்டாலர் ஒண்ணு பார்த்தேன், அதைப் போடலாமா? ப்ளீஸ் யாராவது சொல்லுங்க.

பழைய_உபுண்டு:
தங்கச்சி, 8ல 6ஐ உள்ள குடுத்துட்டா விண்டோஸ் எதை வச்சு மூச்சு விடும், அது டிஸ்க்கை ராமா பயன்படுத்த ஆரம்பிச்சுடும், அங்கதான் எல்லாம் இழுக்குது. 4 ஜிபி குடு, ப்ராசசர் ஒண்ணுன்னு இருந்தா ரெண்டாக்கு. அப்புறம் விர்ச்சுவல் மெஷின் ஜன்னலுக்குக் கீழ வலது மூலையில பாரு, பச்சைக் கலர்ல ஆமை படம் இருக்கா? இருந்தா மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர்) அடியில ஓடுது, விர்ச்சுவல்பாக்ஸ் அதுக்கு மேல ஏறி உக்காந்திருக்குன்னு அர்த்தம், வேகம் நல்லாவே அடிவாங்கும். விண்டோஸ் 11ல மெமரி இன்டெக்ரிட்டிங்கிற பாதுகாப்பு செட்டிங் ஆன்ல இருந்தாலே இது வரும்.

இன்னொண்ணு, கணக்கு போடறதுல விர்ச்சுவல் மெஷின் அவ்வளவு மோசமில்ல, ப்ராசசர்ல விர்ச்சுவலைசேஷன் சரியா வேலை செஞ்சா கிட்டத்தட்ட அசல் வேகம்தான். ராமையும் நேரத்தையும் தின்னுறது அந்த உபுண்டு டெஸ்க்டாப்தான். அதனால உபுண்டுவை டெஸ்க்டாப் இல்லாம டெக்ஸ்ட் மோடுல பூட் ஆக வச்சு, மெஷினை ஹெட்லெஸ்ஸா (ஜன்னல் இல்லாம) ஸ்டார்ட் பண்ணு, சேஜ் நோட்புக்கை (ப்ரௌசர்ல திறக்கற ஜூப்பிட்டர்) உள்ள ஓடவிட்டு நெட்வொர்க் செட்டிங்ல 8888 போர்ட்டை ஃபார்வர்ட் பண்ணி விண்டோஸ் ப்ரௌசர்லயே திற. ஜூப்பிட்டரை எல்லா ஐபிலயும் கேக்கற மாதிரி ஸ்டார்ட் பண்ணணும், அதாவது 0.0.0.0, இல்லன்னா வெளியிலிருந்து கனெக்ட் ஆகாது.

பாரி_ரசிகன்:
9.3 வேண்டாங்க. விண்டோஸ்க்கு சேஜ் வந்த கதையே அப்படித்தான், 2017ல 8.0 வரும்வரை அவங்களே விர்ச்சுவல்பாக்ஸ் இமேஜ்தான் குடுத்தாங்க (உங்க சீனியர் சொன்னது அந்தப் பழக்கத்துலதான் இருக்கும்), அப்புறம் சிக்வின் (லினக்ஸ் ப்ரோக்ராமை விண்டோஸ்ல ஓட வைக்கற டூல்) வச்சு இன்ஸ்டாலர் வந்துச்சு, 2021ல 9.3யோட அதுவும் நின்னுபோச்சு. இப்ப அவங்களே சொல்ற வழி டபிள்யூஎஸ்எல் (விண்டோஸ்க்குள்ள லினக்ஸ் ஓட்டற மைக்ரோசாஃப்ட் வசதி). பவர்ஷெல்லை அட்மினா திறந்து டபிள்யூஎஸ்எல் இன்ஸ்டால் குடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, உள்ள மினிஃபோர்ஜ் (சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற டூல்) போட்டு கோண்டா-ஃபோர்ஜ்ங்கிற ஆன்லைன் தொகுப்புல இருந்து சேஜை இழுத்துடுங்க. சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணப் போகாதீங்க, 8 ஜிபி மெஷின்ல மணிக்கணக்கா ஆகும். ஆனா டபிள்யூஎஸ்எல் போட்டா விர்ச்சுவல்பாக்ஸுக்கு அந்த ஆமை வந்தே தீரும், ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணிக்கோங்க.

கில்டு வர்றதுக்கு ராம் மட்டும் காரணமில்லைன்னு தோணுது. கர்வ் ஆப்ஜெக்ட்டை அப்படியே லிஸ்ட்ல சேத்தா, ரேங்க், ஜெனரேட்டர்னு கணக்கு பண்ணினதெல்லாம் ஒவ்வொண்ணுக்குள்ளயும் கேஷ் ஆகி உக்காந்திருக்கும். கர்வோட லேபிளும் (பேர்) ரேங்க்கும் மட்டும் ஒரு ஃபைல்ல எழுதிட்டு கர்வை விட்டுடுங்க. அதோட, இந்த வேலையில பாதிக்கு மேல சேஜ் உள்ளுக்குள்ள பாரிங்கிற இன்னொரு கணித சாஃப்ட்வேரைத்தான் கூப்பிடுது. பாரி/ஜிபிக்கு விண்டோஸ்லயே நேரடி இன்ஸ்டாலர் இருக்கு, சின்னது, எந்த விர்ச்சுவல் மெஷினும் வேணாம். கைடு கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

எலிப்டிக்_மாணவி:
ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்குமே. ஆமை இருந்துச்சு! கைடு சேஜ்தான் வேணும்ங்கிறார், அதனால டபிள்யூஎஸ்எல் போட்டுட்டேன், நோட்புக் நேரா ப்ரௌசர்ல திறக்குது, போர்ட் எதுவும் மாத்தவே இல்ல. லூப்பும் நீங்க சொன்ன மாதிரி ஃபைல்ல எழுதி முழுசா முடிஞ்சுது. ஆனா ஃபைலை சி டிரைவ்ல வச்சா எழுதறது மெதுவா இருக்கு, அப்படித்தானா?

பாரி_ரசிகன்:
ஆமா, லினக்ஸ்ல இருந்து சி டிரைவைத் தொடும்போதெல்லாம் ரெண்டு சிஸ்டத்துக்கும் நடுவுல போய்வரணும், அதனால மெதுவாத்தான் இருக்கும். ஃபைலை லினக்ஸ் ஹோம் ஃபோல்டர்லயே வச்சுக்கோங்க. விண்டோஸ் பக்கம் வேணும்னா ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல இடது பக்கம் லினக்ஸ்னு பெங்குவின் படத்தோட இருக்கும் பாருங்க, அதுக்குள்ள போய் காப்பி பண்ணிக்கலாம்.