கேஷ் வேன் ஜாக்கெட்டுக்குக் காலாவதி உண்டா?

பாளை_காவல்:
அண்ணாச்சிமாரே, ஏடிஎம்முக்குப் பணம் ஏத்திட்டுப் போற வேன்ல காவலுக்குப் போறேன். தென்காசி லைன். கம்பெனியில கொடுத்த புல்லட் புரூஃப் ஜாக்கெட்டுல 2014ன்னு லேபிள் இருக்கு. எனக்கு முன்னால மூணு பேர் போட்டு வேர்த்து, கழுத்துப் பக்கம் உப்புப் பூத்துக் கெடக்கு. டூட்டி முடிஞ்சா வேன் சீட்டுல சுருட்டிப் போட்டுட்டுப் போயிருதோம். கேட்டா, "இது என்ன தோசை மாவா, புளிச்சுப் போறதுக்கு?"ங்காரு சூப்பர்வைசர்.

சங்கரன்கோவில்_ஓய்வு:
தம்பி, மாவு இல்லதான், ஆனா இரும்பும் இல்ல. நெசவு. வீரவநல்லூர்ல தறி பாத்திருப்பேல்லா, அதே சங்கதி, நூல்தான் கெவ்லார். அதை அடுக்கடுக்கா வச்சு, தண்ணி புகாத உறையில ஒட்டியிருப்பாவ. கம்பெனிக்காரன் பெரும்பாலும் 5 வருஷத்துக்குத்தான் பொறுப்பு ஏப்பான். ஆறாம் வருஷம் பொறந்ததும் செத்துராது. எப்படி வச்சிருந்தோம்ங்கதுதான் கணக்கு.

கெவ்லாருக்கு வெயிலும் ஈரமும் ஆகாது. பாலிஎத்திலீன்னு பிளாஸ்டிக் நூல்ல செஞ்ச ஜாக்கெட்டுன்னா நேர் எதிர்: தண்ணியைச் சட்டை பண்ணாது, சூடுதான் ஆகாது. சித்திரையில கதவு சாத்துன வேனுக்குள்ள அதைப் போட்டு வைக்கக் கூடாது. ரெண்டையும் மடிச்சு வைக்காதே, படுக்கப் போடு.

நான் துணை ராணுவத்துல இருந்தப்ப பக்கத்துக் கட்டில்காரன், நாத்தம் தாங்கலன்னு மொத்த ஜாக்கெட்டையும் சோப்புத்தூள்ல ஊறப் போட்டு, ரெண்டு நாள் மொட்டை மாடியில காயப் போட்டான். ஸ்டோர் ஹவில்தார் பாத்துட்டு ஒண்ணும் பேசல, கழிவுல எழுதிட்டாரு. வெளிக் கவரைத்தான் தொவைக்கணும். உள்ள இருக்க பேனலை, அதான் உறையில ஒட்டுன அந்த நூல் அடுக்கை, ஈரத்துணியால தொடைச்சா போதும்.

நெஞ்சுல பீங்கான் தட்டு இருக்கா? கீழ விழுந்திருந்தா உள்ள மயிரிழைக் கீறல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காருகுறிச்சிப் பானையைச் சுண்டிப் பாத்து வாங்குவோம்லா, அப்படித் தட்டிப் பாரு. சத்தம் பொத்துன்னு கேட்டா ஒதுக்கிரு. நல்லாக் கேட்டாலும் முழுசா நம்பாதே. எக்ஸ்ரேதான் சரியாச் சொல்லும்.

பேட்டை_மில்:
அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு. சைலான்னு ஒரு நூல், கெவ்லாரை விட வலுன்னு வந்துச்சு. வெளிச்சமும் ஈரமும் பட்டுச் சீக்கிரமே நைஞ்சு போச்சு. 2003ல பென்சில்வேனியாவுல ஒரு போலீஸ்காரர் போட்டிருந்த சைலான் ஜாக்கெட்டைக் குண்டு துளைச்சிட்டு. 2005ல அமெரிக்காவுல அங்கீகாரத்தையே எடுத்துட்டாவ. அங்க 2008ல வந்த தரவிதிப்படி, 65 டிகிரி சூட்டுல, 80 சதவீத ஈரக்காத்துல, ஜாக்கெட்டை உருளைக்குள்ள 10 நாள் உருட்டிட்டுத்தான் சுட்டுப் பாக்கணும்.

பாளை_காவல்:
கவரைக் கழட்டிப் பாத்தேன். தட்டு கிடையாது. கீழ் மூலையில உறை ஒட்டு விட்டு, விரல் நொழையுது. உள்ள மஞ்சத்துணி அந்த எடத்துல மட்டும் பழுப்பாயிருக்கு, நனைஞ்ச சாக்கு வாசம். சூப்பர்வைசர், புதுசு வார வரைக்கும் இதையே போடுங்காரு.

சங்கரன்கோவில்_ஓய்வு:
அந்த மூலை செத்துட்டுன்னு வச்சுக்கோ. போடு, வெறும் சட்டைக்கு அது மேல். ஆனா அதை நம்பி முன்னால போய் நிக்காதே. லேபிள் நம்பரோட புகாரை எழுத்துல கொடுத்து, நகல்ல கையெழுத்து வாங்கி வை.