மீட் முதல் புளூமர் வரை: குறியீட்டு ஊடாட்டக் கோட்பாட்டின் வரலாறு குறித்து உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். முதுகலைச் சமூகவியல் கருத்தரங்குக்காகக் குறியீட்டு ஊடாட்டக் கோட்பாட்டின் (symbolic interactionism: மொழி போன்ற குறியீடுகளின் வழியே மனிதர்கள் பழகுவதில்தான் தன்னுணர்வும் சமூகமும் உருவாகின்றன என்ற பார்வை) வளர்ச்சியைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1894 முதல் 1931இல் இறக்கும் வரை பணியாற்றியவரும் இக்கோட்பாட்டின் மூலவராகக் கருதப்படுபவருமான மெய்யியலாளர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் தம் கருத்துகளை முழுநூலாக எழுதிவைக்கவில்லை. பெரும்பாலும் வகுப்பில் எடுக்கப்பட்ட குறிப்புகளே 1934இல் தொகுக்கப்பட்டு வெளிவந்தன. கோட்பாட்டுக்குப் பெயர் சூட்டியவர் சமூகவியலாளர் ஹெர்பர்ட் புளூமர், அதுவும் 1937இல்தான்.

என் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மனிதர்கள் பொருள்களுக்குத் தாம் கொடுக்கும் அர்த்தத்தைக் கொண்டே செயல்படுகிறார்கள், அந்த அர்த்தம் பிறரோடு பழகுவதில் பிறக்கிறது என்று புளூமர் கூறுவது மீடின் சிந்தனையேதானா, அல்லது மீடிடமிருந்த நடத்தையியல் (வெளியே காணும் செயல்களைக் கொண்டு மனத்தை விளக்கும் அணுகுமுறை) அம்சத்தைத் தளர்த்திவிட்டு அவர் கட்டிய தனிக் கோட்பாடா? அயோவா பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் மேன்ஃபோர்ட் கூன், "நான் யார்?" என்ற கேள்விக்கு இருபது விடைகள் எழுதச் சொல்லித் தன்னுணர்வையே அளக்க முற்பட்டார், புளூமரோ இத்தகைய அளவீடுகளை ஐயத்தோடு பார்த்தவர். இருவருமே மீடின் வழிவந்தவர்கள் என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு நிறைவளிக்கவில்லை.

இவ்விவாதத்தைப் படித்தவர்கள், எந்தக் கட்டுரையிலிருந்து தொடங்கலாம் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். சமூகவியலாளர் எர்விங் காஃப்மனை இம்மரபில் சேர்ப்பது சரியா என்பதிலும் உங்கள் கருத்து வேண்டும். சிகாகோவில் படித்தவர் என்ற ஒரு காரணம் மட்டும் போதாது என்றே கருதுகிறேன்.