சார்ஜபிலிட்டிக்குத் தமிழ்: "மின்தங்குதிறன்" சரிவருமா?

வணக்கம்.

சார்ஜபிலிட்டி (chargeability) என்பது, செலுத்திய மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் நிலத்தில் சற்று நேரம் தங்கும் மின்னழுத்தத்தின் அளவு. அதற்குத் தமிழில் "மின்னேற்புத்திறன்" என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. கனிமத் தேடலில் நாம் அளப்பது நிலம் எவ்வளவு மின்னை ஏற்கிறது என்பதை அல்ல. அப்புறம், மின்தேக்குத்திறனோடும் (capacitance) இது குழம்பும்.

களத்தில் நடப்பதைப் பாருங்கள். இரண்டு எஃகு முளைகள் வழியே 2 நொடி மின்னோட்டம் செலுத்துகிறோம். இடையில், மயில்துத்தக் கரைசல் நிரப்பிய இரண்டு நுண்துளை மண்குடுவைகளை ஈரமண்ணில் பதித்து மின்னழுத்தம் பார்க்கிறோம். (வெறும் உலோக முளையை வைத்தால் அதுவே முனைவுற்று அளவைக் கெடுத்துவிடும்.) 1 வோல்ட் காட்டுகிறது என்று வையுங்கள். மின்னோட்டத்தை நிறுத்தியதும் சுழிக்கு விழ வேண்டியது 30 மில்லிவோல்ட்டில் நின்று, பிறகு மெல்ல மெல்லக் கரைகிறது. அந்த 30 தான் நமக்குச் செய்தி.

பாறைக்குள் பைரைட், சால்கோபைரைட் போன்ற சல்பைடு மணிகள் தூவினாற்போல் கிடந்தால் இப்படி ஆகும். துளைநீரில் மின்னைச் சுமப்பவை அயனிகள், மணிக்குள் எலக்ட்ரான்கள். எல்லையில் அயனிகள் தேங்கிவிடுகின்றன. மின்னோட்டம் நின்றபின் கலைய நேரமாகிறது. மணிகள் ஒன்றையொன்று தொடாததால் மின்தடை எண்ணில் பெரிய மாற்றம் தெரியாது. அந்த அளவீடு தவறவிடும் தாதுவை இது காட்டிக்கொடுக்கிறது. ஆனால் கிராஃபைட்டும் களிமண்ணும்கூட இதே போல் காட்டும் என்பதால் "தாது" என்ற சொல்லைப் பெயரில் நுழைக்கக் கூடாது.

"மின்னெச்சம்" எனலாமா என்றும் யோசித்தேன். ஆனால் "எச்சம்" என்றால் காந்தப்புலத்தை நீக்கிய பின்னும் காந்தத்தில் எஞ்சுவதுதான் நினைவுக்கு வரும்; அது நிலைத்து நிற்கும். இது சில நொடியில் போய்விடும். தங்குவது என்றாலோ தமிழில் கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போவதுதான். இந்த அளவுக்கு இரண்டு அலகுகள் புழங்குகின்றன: வோல்ட்டுக்கு இத்தனை மில்லிவோல்ட், அல்லது மில்லிநொடி. எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற இரண்டுக்கும் "மின்தங்குதிறன்" இடம் தருகிறது. "தோற்ற மின்தங்குதிறன்" (apparent chargeability) என்று நீட்டினாலும் நாக்கு இடறவில்லை.

இந்த அளவீட்டு முறையின் (induced polarization) பெயருக்கு "தூண்டிய முனைவாக்கம்" போதும். "தூண்டல் முனைவாக்கம்" என்றால் மின்காந்தத் தூண்டலென்று மாணவர் எண்ணிவிடுவார். 1920-இல் இம்முறையின் முன்னோடியான கொன்ராட் ஷ்லும்பெர்ஜே பிரெஞ்சில் வைத்த பெயரும் "கிளறிவிடப்பட்ட" என்ற பொருளில்தான் இருந்தது.

களப்பணியில் இருப்பவர்கள் இந்தச் சொல்லை ஒரு வாரம் வாயில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.