உதவி: பென் டிரைவில் பாட்டு வரிசை கலைகிறது, அப்பாவுக்கு எளிதாக ஒரு வழி வேண்டும்

செல்வி_திருச்சி
அவசரம். அப்பா காலையில் கேட்க பென் டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுத்தேன். வரிசை தாறுமாறாக வருகிறது, நாதஸ்வரம் முடிந்ததும் குத்துப்பாட்டு, அதுவும் காது கிழிகிற சத்தத்தில். அவருக்குக் கண்ணில் புரை, செல்போனைத் தொடவே மாட்டார். ஒரே பட்டனில் பாட வேண்டும். நாளை ஊருக்குக் கிளம்புகிறேன், அதற்குள் வழி சொல்லுங்கள்.

கோவை_கண்ணன்
எதில் சொருகுகிறீர்கள் சகோ? டிவியா, ஆம்ப்ளிஃபயரா, புளூடூத் ஸ்பீக்கரா? பென் டிரைவ் எத்தனை ஜிபி?

ரேடியோப்பெட்டி
பென் டிரைவ் டூப்ளிகேட்டாக இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், உண்மையான கொள்ளளவு தெரிந்துவிடும்.

ஒலிமாமணி
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்தாச்சு, தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கி, வால்யூமியோ என்ற பாட்டு மென்பொருள் ஏற்றி, பாட்டையெல்லாம் தரம் குறையாத ஃபிளாக் வடிவத்தில் வையுங்கள். பென் டிரைவில் எம்பி3 கேட்பதெல்லாம் ஒரு கேட்பா?

மீனாட்சி_கே
அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்கிறார், வால்யூமியோவை யார் இயக்குவது? அதற்கும் செல்போனோ கம்ப்யூட்டரோ வேண்டுமே.

செல்வி_திருச்சி
கடையில் சேர்த்துக் கொடுத்த ஆம்ப். முன்னால் சின்ன யூஎஸ்பி போர்டு, சிவப்பில் எண் மட்டும் காட்டும். 64 ஜிபி, எல்லாம் எம்பி3. கம்ப்யூட்டரில் பார்த்தால் வரிசை சரியாகத்தான் இருக்கிறது.

கோவை_கண்ணன்
சரி, இப்போது புரிகிறது. டிரைவ் நன்றாக இருக்கிறது. இந்த மாதிரி போர்டுகள் பல, பெயரைப் பார்த்து அகர வரிசையில் பாடாது, ஃபேட்32 என்ற, டிரைவில் கோப்புகளைப் பதியும் முறையின் அட்டவணையில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். நடுவில் ஒரு பாட்டை அழித்து வேறொன்றை ஏற்றினால், அழித்ததன் இடத்தில் புதியது போய் உட்கார்ந்துவிடும். கம்ப்யூட்டர் பெயர்படி அடுக்கிக் காட்டுவதால் உங்களுக்கு அது தெரியாது. கோப்புப் பெயர்களுக்கு முன்னால் 001, 002 என்று போடுங்கள். அப்புறம் விண்டோஸ் என்றால் டிரைவ்சார்ட், லினக்ஸ் என்றால் ஃபேட்சார்ட் என்ற மென்பொருளை ஓட்டினால் அட்டவணையே அந்த வரிசைக்கு வந்துவிடும். ஓட்டும் முன் பாட்டுகளுக்கு இன்னொரு நகல் இருக்கட்டும். மறந்தும் எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையில் ஃபார்மேட் செய்யாதீர்கள், இந்த போர்டுகள் பெரும்பாலும் அதைப் படிக்காது.

சத்தத்துக்கு எம்பி3கெயின் என்ற மென்பொருள். பாட்டை மறுபடி சுருக்காமல் ஒலி அளவை மட்டும் 1.5 டெசிபல் படிகளாக ஏற்றி இறக்கும், தரம் குறையாது.

ஒலிமாமணி
எம்பி3யில் தரம் இருந்தால்தானே குறைய. சிடி என்பது நொடிக்கு 1411 கிலோபிட். எம்பி3யின் உச்சமான 320 கிலோபிட் அதில் கால்வாசிகூட இல்லை.

ரேடியோப்பெட்டி
கால்வாசியானால் என்ன, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு எது 320, எது ஃபிளாக் என்று சொல்லிவிடுவீர்களா?

ஒலிமாமணி
என் செட்டில் சொல்வேன். மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத்தில், அந்த மீட்டுச் சொல்லின் ஒலி எப்படி அடங்குகிறது என்று கேட்டாலே தெரியும்.

மீனாட்சி_கே
வயதானால் முதலில் போவது உச்ச அதிர்வெண்தான். அந்த அப்பாவுக்கு வேண்டியது காலையில் தடங்கலில்லாத நாதஸ்வரம். ஃபிளாக் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், செல்வி நாளைக்குக் கிளம்புகிறார்.

செல்வி, ஒரு யோசனை: பிளே பட்டன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள், நடுவில் கல் வைத்த பொட்டாக. விரல் வைத்தாலே தட்டுப்படும். என் பெரியம்மாவின் ரேடியோவில் அப்படித்தான் ஒட்டியிருக்கிறோம். பக்கத்து பட்டன்களில் எதுவும் ஒட்டாதீர்கள், குழம்பிவிடும். குத்துப்பாட்டை வேறு பென் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

கோவை_கண்ணன்
இன்னொன்று சகோ. சில போர்டுகள் கரண்ட் போய் வந்தால் விட்ட பாட்டிலிருந்து தொடரும், சில முதலிலிருந்து ஆரம்பிக்கும். உங்களுடையது எப்படி என்று இன்றே அணைத்துப் பாருங்கள்.

செல்வி_திருச்சி
டிரைவ்சார்ட் ஓட்டினேன், வரிசை சரியாகிவிட்டது. பொட்டும் ஒட்டியாச்சு, அப்பாவே போட்டுக் கேட்கிறார். அணைத்துப் போட்டால் முதலிலிருந்துதான் வருகிறது, அது பரவாயில்லை என்கிறார். நன்றி கண்ணன் அண்ணா, மீனாட்சி அக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.