எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் டைப் வருவித்தலும் ஜாவாவின் மரபுரிமமும் ஒன்றுதானா?

கேள்வி

வணக்கம். ஜாவாவில் பழகிய நான் இப்போது ஒரு பணிக்காக எக்ஸ்எம்எல் ஸ்கீமா (ஆவணத்தின் அமைப்பை வரையறுக்கும் விதித்தொகுப்பு) எழுதி வருகிறேன். தெரு, ஊர், மாநிலம் என்னும் எலிமென்ட்டுகளைக் கொண்ட ‘முகவரி’ டைப்பிலிருந்து ‘இந்தியமுகவரி’யை எக்ஸ்டென்ஷன் (தாய் டைப்போடு புதியவற்றைச் சேர்த்தல்) முறையில் வருவித்து, பின்கோடை ஊருக்கும் மாநிலத்துக்கும் நடுவில் வைக்கப் பார்த்தால் ஸ்கீமா இடம் கொடுப்பதில்லை, அது கடைசியில்தான் போய் நிற்கிறது. ரெஸ்ட்ரிக்ஷனிலோ (தாயைக் குறுக்கி வருவித்தல்) தாய் டைப்பில் தக்கவைக்க வேண்டியவை அனைத்தையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. கிளாஸ் மரபுரிமத்தை மனத்தில் வைத்து ஸ்கீமாவை வடிவமைப்பது சரிதானா?

பதில் 1

அப்படி வடிவமைத்தால் சிக்கல்தான் மிஞ்சும். முகவரியை எதிர்பார்க்கும் ஜாவா மெத்தடுக்குக் கூடுதல் ஃபீல்டு உள்ள சப்கிளாஸைக் கொடுத்தாலும் அதற்கு இடைஞ்சல் இல்லை. வரிசை என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. ஸ்கீமாவின் சீக்வென்ஸோ, எலிமென்ட்டுகள் குறித்த வரிசையில் மட்டுமே வரக்கூடிய மூடிய பட்டியல். மாநிலத்துக்குப் பின் பின்கோடு வந்தால், ‘முகவரி’யின்படி அந்த ஆவணம் செல்லாது, எக்ஸ்எஸ்ஐ:டைப் என்னும் அட்ரிபியூட்டால் ‘இது இந்தியமுகவரி’ என்று ஆவணமே அறிவித்தால்தான் ஆவணத்தைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் ஏற்கும்.

ரெஸ்ட்ரிக்ஷன் இதற்கு நேர்மாறானது. சேய் டைப்புக்குப் பொருந்தும் உள்ளடக்கம் எதுவும் தாய் டைப்புக்கும் பொருந்தியே ஆக வேண்டும் என்பதால், எந்த அறிவிப்பும் இன்றித் தாயின் இடத்தில் நிற்கக்கூடியது அதுவே. ஆனால் ஜாவாவில் அதற்கு இணை கிடையாது. தாயில் கட்டாயமற்றதாக உள்ள ‘மாநிலம்’ எலிமென்ட்டைச் சேயில் நீக்கிவிட்டு, ஸ்கீமாவிலிருந்து ஜாவா கிளாஸ்களைத் தரும் ஜேஏஎக்ஸ்பி (JAXB) வழியாகக் கிளாஸ்களை உருவாக்கிப் பாருங்கள்: சேய் கிளாஸ் தாயை எக்ஸ்டெண்ட் செய்வதால் மாநிலத்துக்கான கெட்டரும் செட்டரும் அப்படியே வந்து சேரும். நீக்கப்பட்ட மதிப்பை நிரல் நிரப்பினாலும் கம்பைலர் தடுக்காது; வேலிடேஷனில்தான் பிழை வெளிப்படும். என் கருத்தில், நீங்கள் பயப்பட வேண்டிய இடம் இதுவே.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வருவித்தலையே கைவிட வேண்டியதில்லை. புவியியல் தரவுக்கான எக்ஸ்எம்எல் மொழியான ஜிஎம்எல் 3.2 முழுவதும் எக்ஸ்டென்ஷனையும் சப்ஸ்டிட்யூஷன் குரூப்பையும் நம்பியே நிற்கிறது. சாலையோ கட்டடமோ, ஒவ்வொரு துறையும் தனக்குரிய எலிமென்ட்டை ஜிஎம்எல்லின் அப்ஸ்ட்ராக்ட் ஃபீச்சருக்குப் பதிலியாக அறிவித்துக்கொள்கிறது. எலிமென்ட்டின் பெயரே டைப்பைக் காட்டிவிடுவதால் எக்ஸ்எஸ்ஐ:டைப் தேவைப்படுவதில்லை. உங்களுடையதைப் போன்ற சிறிய ஸ்கீமாவுக்கு, பொதுவான எலிமென்ட்டுகளை ஒரு பெயரிட்ட குரூப்பில் வைத்து, வேண்டிய டைப்புகளில் அதைச் சுட்டிக்கொள்வதே போதும். தெருவும் ஊரும் குரூப்பில் இருந்தால், பின்கோடை அதன் பின்னும் மாநிலத்தை அதற்கடுத்தும் தடையின்றி வைக்கலாம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சீக்வென்ஸுக்குப் பதிலாக, எலிமென்ட்டுகளை எந்த வரிசையிலும் ஏற்கும் ‘ஆல்’ பயன்படுத்தினால் வரிசைச் சிக்கலே எழாது அல்லவா?

பதில் 1

2001இல் பரிந்துரையான ஸ்கீமா 1.0 பதிப்பில் எலிமென்ட்டுகள் உள்ள ‘ஆல்’ டைப்பை எக்ஸ்டென்ஷன் மூலம் புதிய எலிமென்ட்டுகளைச் சேர்த்து வளர்க்க முடியாது. 2012இல் வந்த 1.1 அதை அனுமதிக்கிறது: தாயின் ‘ஆல்’, சேயின் ‘ஆல்’ இரண்டும் ஒன்றாகிவிடுவதால் பின்கோடு எங்கு வந்தாலும் செல்லும். அபாச்சி ஜெர்செஸின் ஜாவா பதிப்பும் சாக்ஸனின் வணிகப் பதிப்பும் 1.1ஐ ஆதரிக்கின்றன, டாட்நெட்டில் உள்ளமைந்த வேலிடேட்டரும் லிப்எக்ஸ்எம்எல்2-உம் 1.0 உடன் நின்றுவிடுகின்றன. ஆகையால் உங்கள் ஆவணத்தைப் பெறுபவர்கள் எந்த வேலிடேட்டரைப் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் கேட்டறியுங்கள்.