முட்டையும் இல்லாமல் 100 கிராம் புரதம், வழி சொல்லுங்கோ

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன், நாலு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். நிறை 62 கிலோ. கிலோவுக்கு 1.6 கிராம் என்று பார்த்தால் எனக்கு நாளுக்கு 100 கிராம் புரதம் வேண்டும். வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, முட்டையும் இல்லை.

காலையில் தேங்காய்ப்பூ போட்ட அவித்த கௌபி (தட்டைப்பயறு), மத்தியானம் சோறும் பருப்பும். உலர்ந்த சோயா மீட் 50 கிராமில் 25 கிராம் அளவுக்குப் புரதம் வருகிறது. ஆனால் தினமும் அதே கறி என்றால் அம்மாவே முகம் சுளிக்கிறா. எருமைத் தயிர் சட்டி சட்டியாகக் காலியாகிறது, அதில் புரதத்தை விடக் கொழுப்புத்தான் கூட. எப்படிக் கூட்டினாலும் 65ஐத் தாண்டவில்லை.

புரத மா டின் விலை கட்டாது. மரக்கறி மட்டும் சாப்பிட்டுப் பாரம் தூக்குகிற ஆக்கள், இரவுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? சோயாவை வேறு எப்படிச் சமைக்கலாம்? டவுனில் டோஃபு எங்கே கிடைக்கும்?