சீர்திருத்த சபையில் அட்வெந்து, லெந்து காலங்கள் தேவையா?

மதுரை_மூப்பர்:
எங்கள் சபை சிறியது, ஸ்விங்லி, கால்வின் போன்ற சீர்திருத்தவாதிகளின் வழிவந்த சீர்திருத்த சபை. போதகர் ரோமர் நிருபத்தை வசனம் வசனமாக எடுத்துப் போதித்து வருகிறார். சபையில் பாதிப் பேர் சி.எஸ்.ஐ.யிலிருந்து (தென்னிந்தியத் திருச்சபை) வந்தவர்கள். சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து, பெரிய வெள்ளி அன்று மூன்று மணி நேர ஆராதனை எல்லாம் சின்ன வயதிலிருந்தே அவர்களுக்குப் பழக்கம். வரும் ஆண்டு அட்வெந்தும் (கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரங்கள்) லெந்தும் வைக்கலாமா என்று மூப்பர் கூட்டத்தில் கேட்கிறார்கள். சீர்திருத்த சபைகள் இதை எப்படிப் பார்த்தன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெனீவா_வாசகன்:
வேண்டாம் பிரதர். தேவன் கட்டளையிடாததை ஆராதனையில் சேர்க்கக் கூடாது என்பதில்தானே நாம் நிற்கிறோம்? அவர் கொடுத்த நாள் கர்த்தருடைய நாள் ஒன்றுதான். "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே" என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதைப் படியுங்கள். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் சீர்திருத்தம் வெடித்ததே 1522 லெந்து காலத்தில்தான். அச்சகக்காரர் ஃப்ரோஷவர் வீட்டில் லெந்தில் இறைச்சி கூடாது என்ற தடையை மீறிச் சாசேஜ் சாப்பிட்டார்கள். அந்த ஊர்ப் போதகர் ஸ்விங்லி அவர்களுக்காகப் பிரசங்க மேடையில் நின்றார். ஸ்காட்லாந்து 1560லேயே பண்டிகைகளைத் தள்ளியது. 1645ல் இங்கிலாந்தில் கூடிய சபை மன்றத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனை முறைமையும், வேத ஆதாரம் இல்லாத பண்டிகை நாட்கள் தொடரக் கூடாது என்று எழுதி வைத்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை ஆனதே 1958ல்.

வேலூர்_வாசகி:
ஸ்காட்லாந்தை மட்டும் காட்டினால் எப்படி? ஸ்விங்லிக்குப் பிறகு அதே சூரிச்சில் ஊழியம் செய்தவர் புல்லிங்கர். அவர் எழுதிய இரண்டாம் ஹெல்வெட்டிக் விசுவாச அறிக்கை 1566ல் வந்தது. ஆண்டவருடைய பிறப்பு, பாடு, உயிர்த்தெழுதல், பரமேறுதல், ஆவியானவரின் வருகை இவற்றைச் சபைகள் கிறிஸ்தவ சுயாதீனத்தோடு நினைவுகூர்ந்தால் மிகவும் நல்லது என்கிறது அதன் 24ஆம் அதிகாரம். பரிசுத்தவான்களின் பண்டிகைகளைத்தான் வேண்டாம் என்கிறது. ஸ்காட்லாந்து சபை அந்த அறிக்கையை ஏற்றபோது இந்தப் பகுதியை மட்டும் ஏற்கவில்லை. ஆக, சீர்திருத்த சபைகளுக்குள் அன்றைக்கே இரண்டு கருத்து இருந்தது.

டச்சு சபைகளைப் பாருங்கள். 1619ல் டோர்ட் மாநாடு வகுத்த சபை ஒழுங்கின் 67ஆம் விதியில் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் பெந்தெகொஸ்தேயும் இருக்கின்றன. எங்கள் வேலூர்ப் பக்கம் ஆற்காடு மிஷன் அந்த மரபில் வந்ததுதான். ஜெனீவாவில் ஊழியம் செய்த கால்வினும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, ஈஸ்டருக்கு முந்தின வாரத்தில் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் சபையில் பரமேறுதலைப் பற்றிக் கடைசியாக எப்போது பிரசங்கம் கேட்டீர்கள்? போதகர் ரோமரில் மூன்று வருஷம் இருந்தால், அந்த மூன்று வருஷமும் அவருக்குத் தோன்றினால்தான் அது வரும்.

ஜெனீவா_வாசகன்:
நல்ல கேள்விதான் அக்கா. ஆனால் அதற்கு நீங்கள் சொன்ன டச்சுக்காரர்களிடமே பதில் இருக்கிறது. விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் ஹைடல்பெர்க் வினாவிடையை 52 ஞாயிறுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பதினெட்டாம் ஞாயிறு முழுக்கப் பரமேறுதல்தான், நான்கு கேள்விகள். ஞாயிறு மாலை ஆராதனையில் அதை வரிசையாகப் பிரசங்கித்தால் வருஷம் ஒருமுறை வந்துவிடும், தனிப் பண்டிகை தேவையில்லை. அந்த டச்சு சபைகளும் 1574ல் ஞாயிறு மட்டும் போதும் என்றுதான் முடிவெடுத்தன. அரசு விடுமுறைகள் தொடர்ந்ததால், ஜனங்கள் வீணாகப் பொழுதுபோக்காமல் இருக்கட்டும் என்றே பிறகு அந்த நாட்களில் பிரசங்கம் வைத்தார்கள்.

கால்வினையும் முழுதாகச் சொல்லுங்கள். 1550ல் ஜெனீவா நகர மன்றம் பண்டிகை நாட்களை நீக்கியது. அது தன் தூண்டுதலால் நடந்த காரியம் அல்ல என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த டிசம்பர் 25 அன்று வழக்கத்தைவிடக் கூட்டம் கூடியதைப் பார்த்து, மேடையிலேயே கண்டித்தார்.

முன்னாள்_சிஎஸ்ஐ:
நான் லெந்து வைத்த சபையில் வளர்ந்தவன். லெந்து வந்தால் பீடத்தில் ஊதாத் துணி விரிப்பார்கள். அந்த நாற்பது நாளில் கல்யாணம் நடத்த மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் "அது வழக்கம்" என்பார்கள். புல்லிங்கர் சொன்ன சுயாதீனம் இதில் எங்கே இருக்கிறது? அறிக்கையின் பட்டியலில் உள்ளவை எல்லாம் கிறிஸ்து செய்த கிரியைகள். லெந்தோ நாம் செய்யும் நோன்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

வேலூர்_வாசகி:
லெந்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். விரும்புகிறவன் உபவாசிக்கட்டும், மற்றவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே 1522ல் ஸ்விங்லியின் வாதமும்.

ஆனால் பண்டிகையே வேண்டாம் என்ற சபைகளில் என்ன நடக்கிறது? அன்னையர் தினம், வாலிபர் ஞாயிறு, சபை ஆண்டு விழா, டிசம்பர் 31 இரவு வாக்குத்தத்த வசனம் என்று ஒன்றொன்றாக உள்ளே வருகின்றன. இவற்றுக்கு வேத ஆதாரம் யாரும் கேட்பதில்லை. பெந்தெகொஸ்தே நாள் மட்டும் பேச்சே இல்லாமல் போய்விடுகிறது. இதுதான் எனக்கு வலிக்கிறது.

ஜெனீவா_வாசகன்:
அவற்றையும் எடுத்துவிட வேண்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையான வாட்ச் நைட்டை நிறுத்தச் சொன்னால் சபையில் என்ன பாடு என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

மதுரை_மூப்பர்:
எல்லாருக்கும் நன்றி. லெந்தும் அட்வெந்தும் வேண்டாம், ஹைடல்பெர்க் வினாவிடையை மாலை ஆராதனையில் தொடங்கலாம் என்று மூப்பர்களிடம் சொல்லப்போகிறேன். பரமேறுதலுக்கும் பெந்தெகொஸ்தேவுக்கும் அந்தந்த ஞாயிற்றுக்கிழமையில் பிரசங்கம் கேட்பேன். பெரிய வெள்ளி மட்டும் இழுபறியாக நிற்கிறது.

ஜெனீவா_வாசகன்:
பெரிய வெள்ளிக்கு ஆராதனை வைத்தால், வராதவர்களை ஏன் வரவில்லை என்று எந்த மூப்பரும் கேட்கக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். 1618ல் ஜேம்ஸ் மன்னர் பெர்த் நகரில் கூடிய சபைக் கூட்டத்தின் வழியாகப் பண்டிகைகளைத் திணித்தபோது ஸ்காட்லாந்து விசுவாசிகள் பட்ட பாட்டுக்குக் காரணம் அந்தக் கட்டாயம்தான். நீங்கள் எழுதி வைத்தாலும் நான் வர மாட்டேன் பிரதர், ஆனால் வருகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.